கதைக்கலாம், அசைய ஏலாது

வௌவாலின் குரலைப் பதிவுசெய்து பத்து மடங்கு மெதுவாக்கினால் அது நம் காதுக்கு எட்டும். தூரத்தில் யாரோ சீழ்க்கை அடித்துக்கொண்டு போவது போல இருக்கும். அதே பதிவில் என் குரலும் இருக்கும். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் திகதியையும் இடத்தையும் என் பெயரையும் நான் சொல்ல வேண்டும் என்பது மக்டலின் மிஸ்ஸின் விதி. மெதுவாக்கும்போது அது குரலாகவே இருக்காது. கடலுக்கடியில் பாரமான எதையோ இழுப்பது போல ஒரு முனகல். மெதுவாக்காவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

“பிள்ளை, இது பேர் சொன்னதோ, மூச்சு விட்டதோ?” என்று மிஸ் கேட்பார்.

நான் சிரிப்பேன். சிரிப்பும் பதிவாகாது.

மிஸ் வௌவால்களின் காதை ஆராய்பவர். திருகோணமலைக்காரி. பல வருடங்கள் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, ஓர்ஸ் ஹில்லில் ஒரு வீட்டின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்து ஆய்வுகூடமாக்கியிருந்தார். ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு பழைய அலுமாரி. யன்னலால் பார்த்தால் உள்துறைமுகம் தெரியும். நான் விலங்கியலில் பட்டம் எடுத்துவிட்டு கிண்ணியாவில் வீட்டோடு இருந்தபோது கிடைத்த வேலை இது. நேர்முகத்தில் மிஸ் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“சத்தம் போடாமல் கனநேரம் இருக்க ஏலுமோ?”

விடை தெரிந்த கேள்வி ஒன்று வாழ்க்கையில் எனக்கு வந்தது அன்றைக்குத்தான். தலையாட்டினேன். அதுவே போதும் என்றார்.

நாங்கள் பார்த்தது இலைமூக்கு வௌவால்களை. வளர்ந்த ஒரு இலைமூக்கு வௌவாலின் காது எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரிக் கேட்பதில்லை. ஒரு சுருதிக்கு மட்டும் அது அகலத் திறக்கும். அந்தச் சுருதி அதன் சொந்தக் குரல். தான் எழுப்பிய குரல் சுவரிலும் இலையிலும் பூச்சியின் இறக்கையிலும் பட்டுத் திரும்பி வருவதைக் கேட்டுத்தான் அது தன் வழியைத் தெரிந்துகொள்கிறது. ஆனால் பிறக்கும்போது குட்டியின் குரல் தாழ்ந்தது. காதும் இன்னும் தயாராகவில்லை. நாட்கள் போகப் போக இரண்டும் சேர்ந்து மேலே ஏறுகின்றன. குரலின் பின்னால் காது போகிறதா? அல்லது தாயின் குரலைக் கேட்டுக் கேட்டுக் குட்டி தன் குரலைப் பொருத்திக்கொள்கிறதா? மிஸ்ஸுக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

எனக்கு வேறொன்று அதிசயமாக இருந்தது. உலகத்தில் உள்ள எல்லாச் சத்தத்தையும்விடத் தன் குரலைத் தெளிவாகக் கேட்கும் ஒரு உயிர். பதிவில் என் குரல் வரும் இடத்தில் நான் ஹெட்போனைக் கழற்றிவிடுவேன்.

அன்று காலை வௌவால்கள் தங்கும் சுரங்கத்திலிருந்து ஒரு தாயையும் அதன் குட்டியையும் எடுத்துவந்திருந்தோம். இரண்டு பருத்திப் பைகளில், தனித்தனியாக. குட்டியை வெதுவெதுப்பான ஒரு பெட்டியில் வைத்து, முடியைவிட மெல்லிய கம்பியைக் காதுக்குப் பின்னால் பொருத்தி, ஒவ்வொரு சுருதியாகக் கேட்கவிட்டுப் பார்ப்போம். மூளை பதில் சொன்னால் திரையில் ஒரு சிறு அலை எழும்பும். குட்டிக்கு வலிக்காது. முடிந்ததும் தாயையும் குட்டியையும் ஒன்றாகக் கொண்டுபோய் விட்டுவிடுவோம். தாய் குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு இருட்டுக்குள் போய்விடும். எப்போதும் அப்படித்தான் நடந்தது.

அன்றும் சோதனை நன்றாகவே முடிந்தது. குட்டி என் உள்ளங்கையில் கிடந்தது. உடம்பில் சாம்பல் தூவியது போல முடி. காதுகள் மட்டும் பெரியவர்களின் சட்டையைப் போட்டது போலத் தொளதொளவென்று இருந்தன. தாய் இருந்த பை அலுமாரிப் பிடியில் தொங்கியது. அது நடுங்கிக்கொண்டிருந்தது. நாடா இறுக்கமோ, மூச்சு முட்டுகிறதோ என்று நினைத்து ஒரு விரல் போகும் அளவுக்குத் தளர்த்தினேன்.

அவ்வளவு இடம் அதற்குப் போதும்.

அறையை ஒரு தரம் சுற்றியது. கதவுக்கு மேலே காற்றுவரும் பலகைகளில் ஒன்று உடைந்திருந்தது. அதனூடாக வெளியே போய்விட்டது. நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. மிஸ் திரும்பிப் பார்க்கும்போது அலுமாரிப் பிடியில் வெறும் பைதான் தொங்கியது.

“போயிட்டாளோ?”

தலையாட்டினேன்.

“பகல் வெயிலிலே,” என்றார் மிஸ். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

இந்த வௌவால் வருடத்துக்கு ஒரு குட்டிதான் போடும். ஒருத்தியின் குட்டிக்கு இன்னொருத்தி பால் கொடுக்க மாட்டாள். ஆட்டுப்பாலை ஊசிக்குழாயில் எடுத்து வாயில் வைத்துப் பார்த்தோம். குட்டி வாயை இறுக மூடிக்கொண்டது. மிச்சமிருந்தது ஒரே வழி. தாய் காகத்துக்கும் பருந்துக்கும் தப்பிச் சுரங்கத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தால், பொழுதுபடும் நேரத்தில் வெளியே பறக்குமுன் குட்டியைத் தேடும். அப்போது குட்டி அங்கே இருக்க வேண்டும். அது கூப்பிட வேண்டும். அவள் வந்து எடுக்காவிட்டால் குட்டி விடியும்வரை தாங்காது.

பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து இல்ஹாம் நானா ஓட்டோவோடு வந்தார். அவர் மூதூர்க்காரர். எங்களையும் எங்கள் சாமான்களையும் ஏற்றி இறக்குபவர். வாய் ஓயாது.

“மிஸ், படகு ஜெட்டியடியில ஒருத்தர் கேக்கிறார், இந்தக் காது டொக்டர் மனிசரையும் பாப்பாவோ எண்டு. அவர்ட பொஞ்சாதி சொல்றது ஒண்டும் அவருக்குக் கேக்குதில்லையாம்.”

“அது காதிலே வாற வருத்தம் இல்லை, இல்ஹாம்.”

“அதத்தான் நானும் சொன்னனான்.” கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “தங்கச்சி இண்டைக்கும் கதைக்க மாட்டாவாம். நாலு மாசமா ஏத்துறன் மிஸ். அரிசி மூட்டை கூட ஏத்தி இறக்கக்குள்ள ஒரு சத்தம் போடும்.”

மிஸ் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. சுற்றிவைத்த துவாய்த் துணிக்குள் குட்டி என் பெருவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தது. கச்சான் காற்று ஓட்டோவுக்குள் புகுந்து என் அபாயாவைப் படபடவென்று அடித்தது. வழக்கமாகச் சுரங்கத்துக்குப் போடும் பழைய பருத்தி அபாயாவை உம்மா அன்று தோய்த்துக் கொடியில் போட்டிருந்தார். அதனால் எனக்கு மூத்தவளான பஹ்மியா ராத்தா கட்டாரிலிருந்து அனுப்பிய புதியதைப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். வழுவழுப்பான மெல்லிய துணி. கசங்காது. மணமும் பிடிக்காது என்று ராத்தா போனில் சொல்லியிருந்தாள்.

சுரங்கம் உள்துறைமுகத்தைப் பார்த்திருக்கும் ஒரு குன்றின் வயிற்றில் இருந்தது. வெள்ளைக்காரர் காலத்தில் வெடிமருந்து வைக்கத் தோண்டியது. வாசலில் கடல் வெளிச்சம் விழும். பத்தடி உள்ளே போனால் வெக்கையும் மூக்கைச் சுடும் மணமும். கூரை முழுக்க அசைவு. தரையும் அசையும், அது கரப்பான்கள். கீழே விழும் எதையும் அவை விட்டுவைப்பதில்லை.

சுவரில் துருப்பிடித்த ஒரு கொக்கி இருந்தது. மிஸ் அதில் துவாயைக் கொழுவினார். நான் குட்டியை அதில் தொங்கவிட்டேன். அது கால் நகங்களால் நூலைப் பற்றிக்கொண்டது. பிடி வலுவாக இல்லை. ஆகவே நான் நேர் கீழே சுவரோடு உட்கார்ந்து, மடியில் ஒரு துணியை விரித்துக்கொண்டேன். விழுந்தால் என் மடியில் விழட்டும். மிஸ் சற்றுத் தள்ளிச் சிறிய சிவப்பு விளக்கோடும் கணினியோடும் உட்கார்ந்தார். ஒலிவாங்கி எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. அவசரத்தில் திகதியும் பெயரும் சொல்ல மறந்துபோனோம்.

குட்டி அழத் தொடங்கியது. அது எனக்குக் கேட்கவில்லை. திரையில்தான் தெரிந்தது. கொக்கி போல வளைந்த சின்னச் சின்னக் கோடுகள், ஒன்றன்பின் ஒன்றாக.

வாசல் வெளிச்சம் மஞ்சளானது. பிறகு செம்மஞ்சளானது. கூரை மெல்ல உதிரத் தொடங்கியது. முதலில் ஒன்று, பிறகு பத்து, பிறகு எண்ண முடியாத அளவு. அவை என் முகத்தைத் தாண்டிப் போயின. கன்னத்தில் காற்று மட்டும் பட்டது. ஒன்றும் என்னைத் தொடவில்லை. ஒவ்வொன்றும் தன்னால் இயன்ற அளவு பலத்துக் கத்திக்கொண்டு போகிறது என்று எனக்குத் தெரியும். திரை நிறையக் கோடுகள். என் காதில் மட்டும், தூக்கத்தில் யாரோ போர்வையை உதறுவது போல ஒரு மெல்லிய சத்தம். ஊர் முழுக்கக் கூடிக் கூச்சலிடும் ஒரு தெருவை நான் கனவில் பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது.

“வந்திட்டாள்,” என்றார் மிஸ்.

வயதான தாய் அது. அவளுடைய சுருதி மற்றவர்களுடையதைவிடச் சற்றுத் தாழ்ந்தது. திரையில் அந்தக் கோடு தனியாகத் தெரிந்தது. உயிரோடு இருக்கிறாள்.

ஒரு நிழல் கூட்டத்திலிருந்து பிரிந்து எங்கள் பக்கம் திரும்பியது. கை எலும்பில் நாங்கள் காலையில் போட்ட வெள்ளை வளையம் ஒரு கணம் மின்னியது. துவாய்க்கு மிகக் கிட்டே வந்தாள். நான் அவளுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று முழங்காலை மடக்கி, அபாயாவை இழுத்து என்னைச் சுற்றிக்கொண்டேன்.

அவள் சட்டென்று திரும்பிப் போய்விட்டாள்.

மீண்டும் வந்தாள். நான் இன்னும் சிறியவளாக முயன்றேன். கைகளை உள்ளே இழுத்து, தோள்களைக் குறுக்கி, நாடியை முழங்காலில் வைத்தேன். மீண்டும் திரும்பிப் போனாள். மூன்றாவது முறையும் அப்படியே. குட்டியின் கோடுகள் இடைவெளி விட்டு வரத் தொடங்கின. குட்டியில் என் கை மணக்கிறது போலும், அவளுக்கு அது பிடிக்கவில்லை போலும் என்று நினைத்தேன். பையின் நாடாவைத் தளர்த்திய அதே கை.

“என்ன சத்தம் அது?” என்று மிஸ் கேட்டார்.

நான் செவிமடுத்தேன். ஒரு சத்தமும் இல்லை.

“இங்கே பாருங்கோ. அவள் கிட்ட வாற நேரம் பார்த்து வருது.”

கணினியை என் பக்கம் திருப்பினார். கோடுகளுக்கு நடுவே மூன்று இடங்களில் திரையின் மேலிருந்து கீழ்வரை சாம்பல் நிறத்தில் மழை பெய்திருந்தது. அதற்குள் தாயின் கோடும் குட்டியின் கோடும் அழிந்துபோயிருந்தன. இன்னும் வடிவாகப் பார்க்க நான் முன்னால் சாய்ந்தேன். திரையில் மழை பெய்தது. அப்படியே நின்றேன். மழை நின்றது. கையை மட்டும் மெல்லத் தூக்கினேன். அபாயாவின் கை உரசியது. மழை.

நான் மிஸ்ஸைப் பார்த்தேன். மிஸ் என் அபாயாவின் கையைப் பார்த்தார். பிறகு அவருடைய தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார்.

“கடவுளே. உங்கட உடுப்பு, பிள்ளை. எங்களுக்குக் கேக்காத உயரத்திலே உரசுது. அவளுக்கு அது காதுக்குள்ள தகரத்தை இழுக்கிற மாதிரி.”

சத்தம் போடாமல் இருக்கத் தெரிந்தவள் என்று வேலைக்கு எடுக்கப்பட்டவள் நான். அந்தச் சுரங்கத்திலேயே பெரிய சத்தம் நான்தான். அதுவும் என்னைச் சிறிதாக்கிக்கொள்ள நினைத்த ஒவ்வொரு முறையும்.

எழுந்து வெளியே ஓடிவிட வேண்டும் போல இருந்தது. ஒரு காலை ஊன்றினேன்.

“எழும்பாதேங்கோ! எழும்பினா அவள் ஒரேயடியாப் போயிடுவாள். குட்டி விழுந்தா ஆர் ஏந்துறது?”

“அப்ப நான் என்ன செய்ய?” என்று கிசுகிசுத்தேன்.

திரையில் ஒரு தூறல் விழுந்தது.

“அதுவும் வேண்டாம்,” என்றார் மிஸ். “காத்து மட்டும் போற பேச்சு அவளுக்குக் கேக்கும். குரலை எடுத்துக் கதையுங்கோ. எங்கட குரல் எவ்வளவு தாழ்ந்தது, அதை அவள் கணக்கிலயே எடுக்க மாட்டாள். நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கேக்கைதான் கையைக் காலை இழுக்கிறீங்கள். நாலு மாசமாப் பார்க்கிறன். கதைக்கலாம், அசைய ஏலாது. விளங்குதோ?”

“என்னத்தக் கதைக்கிற?”

அது என் குரல்தான். சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. எனக்கே அது யாரோ போல இருந்தது. திரையின் அடியில் தடித்த ஒரு கோடு மட்டும் விழுந்தது. மழை இல்லை.

“எதையும். கிண்ணியாவிலே இருந்து எப்பிடி வாறனீங்கள் எண்டு சொல்லுங்கோ.”

“பஸ்ஸிலதான்.”

“அவ்வளவுதானோ?”

கைகளை மடியில் விரித்த துணியின் மேல் வைத்தேன். தோள்களைத் தளர விட்டேன். குறுகாமல் உட்கார்வது எனக்குப் பழக்கமில்லை. உடுப்பில்லாமல் உட்கார்ந்திருப்பது போல வெட்கமாக இருந்தது.

“பாலம் கட்ட முந்தி படகுப்பாதையிலதான் கடலக் கடக்கிற,” என்றேன். “பஸ்ஸையும் மாட்டையும் ஆக்களையும் ஒண்டா ஏத்தும். நான் சின்னப் புள்ள. பெருநாளைக்கு உடுப்பு எடுக்க உம்மாவோட வந்த நாள், சனத்துக்குள்ள அவட கைய விட்டுட்டன்.”

“பிறகு?”

கரப்பான் ஒன்று என் செருப்பில் ஏறியது. பிறகு கணுக்காலில். நான் அசையவில்லை.

“வெங்காய மூட்டை கொஞ்சம் அடுக்கியிருந்த. அதுக்குப் பின்னால நிண்டன். உம்மா என்ட பேரச் சொல்லிக் கூப்பிட்டா. எனக்கு நல்லாக் கேட்ட. ஒவ்வொருக்காக் கூப்பிடக்குள்ளயும் கேட்ட.”

“நீங்கள் பதில் சொல்லேல்லையோ?”

“சொன்னா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்களே, மிஸ்.”

மிஸ் இப்போது சிரிக்கவில்லை. வெள்ளை வளையம் வாசல் வெளிச்சத்தைக் கடந்தது. அவள் திரும்பி வருகிறாள்.

“படகுப்பாதை போயிட்டு. சனமெல்லாம் போயிட்டு. படகு ஜெட்டி வெறிச்செண்டு கிடந்த. பிறகுதான் உம்மா என்னக் கண்டா.”

“அடிச்சாவோ?”

“இல்ல. எனக்குப் பக்கத்தில குந்தியிருந்து அழுதா. ஒருக்கா வாயத் திறந்திருந்தா ஒரு நிமிசத்தில கண்டிருப்பன் புள்ள எண்டு இண்டைக்கும் சொல்லுவா.”

கரப்பான் முழங்காலைத் தாண்டி மடித் துணிக்கு வந்தது. தலைக்கு மேலே காற்று அசைந்தது. நெற்றியில் ஒரு துளி விழுந்தது. என்ன துளி என்று யோசிக்கவில்லை. நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. கண்ணை மட்டும் உயர்த்தினேன்.

குட்டியின் ஒரு கால் நழுவியிருந்தது. மற்றக் கால் ஒரேயொரு நூலில். என் கைகள் தாமாகவே எழும்பப் பார்த்தன. நான் அவற்றை விடவில்லை.

“இது கூப்பிடுது, மிஸ்,” என்றேன். என் குரல் நடுங்கியது. ஆனால் பலமாகத்தான் இருந்தது. “எவ்வளவு நேரமாக் கூப்பிடுது. இதுக்கு ஒரு வெக்கமும் இல்ல. எவ்வளவு சனம் போகுது, எல்லாருக்கும் கேக்கும், எண்டாலும் கூப்பிடுது.”

துவாய் பாரத்தில் இழுபட்டது. அவள் தலைகீழாகத் தொங்கினாள். இறகுத்தோல் விரிந்து குட்டியை மூடியது. அதன் உள்ளே ஏதோ தேடலும் தடவலும். குட்டியின் வாய் அவள் வயிற்றைப் பற்றியிருக்க வேண்டும். திரையில் இரண்டு விதக் கோடுகள் மாறி மாறி விழுந்தன. ஒன்று கொக்கி போல வளைந்தது. மற்றது நீண்டு நேராகப் போய் நுனியில் மட்டும் தாழ்ந்தது. பிறகு கொக்கிகள் நின்றுபோயின.

துவாய் ஒரு தரம் ஆடியது. வெறுமையாக.

மிஸ் நீண்ட மூச்சு விட்டார். “எடுத்திட்டாள். உள்ளுக்குத்தான் போறாள். இனி நிப்பாட்டலாம், பிள்ளை.”

“கொஞ்சம் பொறுங்க மிஸ்,” என்றேன். “இன்னும் முடியல்ல. அடுத்த படகுப்பாதை வரும்வரைக்கும் உம்மா எனக்குக் கடலை வாங்கித் தந்த கதைய நான் சொல்லல்லியே.”

மிஸ் கணினியை மூடவில்லை. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

நாங்கள் வெளியே வரும்போது குடாவின் மறுகரையில் அந்திநேர மஃரிப் பாங்கு முடிந்திருந்தது. தண்ணீர் இன்னும் கொஞ்சம் வெளிச்சமாக இருந்தது. ஒரு கப்பல் அசையாமல் நின்றது. இல்ஹாம் நானா ஓட்டோவில் சாய்ந்துகொண்டு சுரங்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மிஸ், உள்ளுக்கு ஆரு கதைச்ச? வேற ஒரு பொம்புளயும் வந்திருக்காவோ?”

மிஸ் கணினிப் பையை ஏற்றினார்.

“நான்தான், நானா,” என்றேன்.

அவர் என்னையும் மிஸ்ஸையும் மாறி மாறிப் பார்த்தார். நாலு மாதத்தில் முதல் தடவையாக அவர் பேசாமல் ஓட்டோவை இயக்கினார். கடற்கரை வீதிக்கு வந்ததும் காற்று மீண்டும் அபாயாவைப் பிடித்தது. நான் அதை இழுத்துச் சுற்றிக்கொள்ளவில்லை. மேலே, தண்ணீருக்கும் கடைசி வெளிச்சத்துக்கும் நடுவே, சிறிய நிழல்கள் திரும்பித் திரும்பிப் பறந்துகொண்டிருந்தன. எங்களைத் தாண்டும்போது அவற்றுக்கு என்னவெல்லாம் கேட்டிருக்குமோ.

“அப்ப அந்தக் குட்டி?” என்று இல்ஹாம் நானா கடைசியில் கேட்டார்.

மோட்டர் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்பதால் பலத்துச் சொன்னேன்.

“அதிட உம்மா வந்து எடுத்துக்கொண்டு போயிட்டா, நானா.”